ஆறில்லாத யாழ்ப்பாணத்தில வீடு: எந்தப் பக்கம் நல்ல தண்ணி?

#1 மகாவலிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பளையில பொறந்து வளர்ந்தவ. பின்கதவைத் திறந்தா மகாவலி. மழைக் காலத்துல ஆத்துச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் தூங்குவோம். வீட்டுக்காரருக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்திருக்கு, தை மாசம் குடிவரணும். ஏழு மாசக் கைக்குழந்தை இருக்கு.

போன கிழமை வந்து மூணு வீடு பார்த்தோம். முதலாவது குருநகர்ல. நல்ல காத்து, வாடகையும் குறைவு. ஆனா கிணத்துத் தண்ணியில கை கழுவினா சவுக்காரம் நுரைக்கவே இல்ல. அந்த வீட்டு அக்கா தந்த தேத்தண்ணி நல்லா இருந்துச்சு. அது காசுக்கு வாங்கின தண்ணியில போட்டதுன்னு கிளம்பும்போதுதான் சொன்னாங்க. ரெண்டாவது பொம்மைவெளிப் பக்கம், புது வீடு. பெயின்ட் அடிச்சிருந்தும் சுவத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு மங்கலாத் தெரிஞ்சுது. மூணாவது கொக்குவில்ல, பழைய நாற்சார் வீட்டுல ஒரு பாதி. தண்ணி இனிச்சுது. ஆனா குசினியில இருந்த கேத்தலுக்குள்ள வெள்ளையா ஓடு மாதிரி படிஞ்சிருந்துச்சு, நகத்தால சுரண்டினாலும் வரல.

எங்க ஊர்ல வீடு பார்த்தா மண்சரிவு வருமா, ஆறு ஏறுமான்னு கேப்போம். இங்க என்ன கேக்கணும்னே தெரியல. பிள்ளைக்காகத்தான் கேக்கிறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கொக்குவில் பொடியன்

அக்கா, கொக்குவில் வீட்டை விடாதேங்கோ. கேத்தலில படியிறது சுண்ணாம்பு, யாழ்ப்பாணம் முழுக்க அப்பிடித்தான், நாங்கள் எல்லாரும் அதைக் குடிச்சுத்தான் வளந்தனாங்கள். தண்ணி காணாட்டில் துளைக்கிணறு அடிக்கலாம். ஆழமாய்ப் போனால் எங்கயும் நல்ல தண்ணி வரும்.

#3 செம்பாட்டுமண்

தம்பி, கடைசியாய்ச் சொன்னது பிழை. அதை அப்பிடியே விடேலாது, ஏனெண்டால் கனபேர் அதை நம்பித்தான் கிணத்தைக் கெடுத்தவை.

தங்கச்சி, உங்கட ஊரில ஆறு கண்ணுக்குத் தெரியும். எங்கட ஊரில அது காலுக்குக் கீழ கிடக்கு. குடாநாடு முழுக்க அடியில சுண்ணக்கல். அது பழைய கடலடிப் படிவு. உள்ளுக்கை வெடிப்பும் பொந்தும் குகையுமாய் இருக்கும். மேல பெய்யிற மழை அதுக்குள்ள இறங்கித் தேங்கும். சுத்திவரக் கடல் எண்டபடியால் அந்தக் கல்லுக்குள்ள உப்புத் தண்ணியும் நிக்குது. உப்புத் தண்ணி பாரம், நல்ல தண்ணி இலேசு. ஆனபடியால் நல்ல தண்ணி மேல மிதக்கும், குழம்புச் சட்டியில எண்ணெய் மிதக்கிற மாதிரி. நடுவில தடிப்பு, கடற்கரைப் பக்கம் போகப் போக மெல்லிசு. உங்களுக்குக் குருநகரில சவுக்காரம் நுரைக்காததுக்கும் கொக்குவிலில தண்ணி இனிச்சதுக்கும் காரணம் அதுதான்.

கணக்கு ஒண்டு இருக்கு. கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நிண்டால், கீழ ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். மறுபக்கமும் அதேதான்: மேல ஒரு அடியை இறைச்சு முடிச்சால் கீழயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். துளைக்கிணறு அடிச்சு ஆழமாய்ப் போறவன் நல்ல தண்ணியைத் தேடிப் போகேல்லை, உப்பைத் தேடிப் போறான். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணத்தைப் போய்ப் பாருங்கோ. மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. அதுக்குள்ள போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில மிதக்கும் எண்டு சின்னனில எங்களுக்குச் சொல்லித் தந்தவை. கதையாய் இருக்கட்டும், ஆனால் கல்லுக்குள்ள தண்ணிக்கு வழி இருக்கெண்டு பழசுகள் விளங்கி வைச்சிருந்தவை.

எங்கட தோட்டக் கிணத்தில நான் துலா மிதிச்சனான். மேல ஒராள் துலாவில முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கோணும், கீழ ஒராள் பட்டையைப் பிடிச்சு வாய்க்காலுக்குள்ள ஊத்தோணும். விடியமுன்னம் துவங்கி வெயில் ஏற நிப்பாட்டுவம். ஆளும் களைச்சுப் போகும், கிணறும் அடி காட்டும். பேந்து ஊறவிட்டுத்தான் மற்ற இறைப்பு. மெசின் வந்தாப் பிறகு அந்த இடைவெளி போட்டுது. மெசினுக்குக் களைப்பில்லை. அப்பா கடைசிவரைக்கும் "கிணத்தை மூச்சுவிட விடு" எண்டு கத்திக்கொண்டுதான் இருந்தவர்.

#4 பாசையூர்க்காற்று

கரையோரத்தைப் பற்றி எல்லாரும் தண்ணியோட மட்டும் முடிக்கப் போறியள் எண்டு நினைச்சன். நான் பாசையூரில பிறந்து இங்கயே கலியாணம் முடிச்சவள். கிணறு சவர்தான், மறைக்கேல்லை. குளிக்க, உடுப்புத் தோய்க்க அது. குடிக்கவும் சமைக்கவும் குழாயும் பவுசரும். அம்மா காலத்தில மைல் கணக்கா நடந்து குடத்தில கொண்டு வந்தவை.

ஆனால் தங்கச்சி, காற்றைப் பற்றியும் கேளுங்கோ. எங்களுக்குக் காலநிலை எண்டால் காற்றுத்தான். மாரியில வாடை, வடக்குப் பக்கத்தால வரும், பனிக் குளிர் இருக்கும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில பட்டம் ஏத்துறது அந்தக் காற்றிலதான். வைகாசி கடைசியில சோளகம் எழும்பும், ஆவணி தாண்டியும் அடிக்கும், தெற்காலயிருந்து. அப்ப வீட்டுக்குத் தெற்கு யன்னல் இருக்கோணும். கிழக்கால வாறது கொண்டல், மேற்கால வாறது கச்சான். காற்றே இல்லாத காலம்தான் பொல்லாதது: பங்குனி, சித்திரை, பிறகு ஒரு பாட்டம் புரட்டாதி. அந்த வெக்கையில ஏழு மாசப் பிள்ளையை ஊருக்குள்ள நெருக்கமான ஒழுங்கையில வைச்சிருக்கிறது கஷ்டம். கரையில பின்னேரம் ஒரு காற்று எப்பிடியும் வரும்.

இன்னொண்டு: எங்களுக்கு முன்னால கிடக்கிறது கடலேரி, ஆழமில்லை. கோடையில தண்ணி வத்தினால் சேறு மணக்கும். பழகினவைக்குத் தெரியாது, புதுசா வாறவைக்குத் தெரியும்.

#5 மகாவலிக்கரை

நன்றி ஐயா, அக்கா. சட்டியில எண்ணெய்னு சொன்னதும்தான் எனக்குப் புரிஞ்சுது. வீட்டுக்காரருக்கும் அப்பிடியே சொல்லிக் காட்டினேன்.

ரெண்டு கேள்வி. ஆறே இல்லாத ஊர்ல வெள்ளம் எப்பிடி வருது? அந்தச் சுவத்துக் கோடு எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிக்குது. அப்புறம், வரைபடத்துல பார்த்தா தொண்டைமானாறு, உப்பாறு, வழுக்கையாறுன்னு பேரெல்லாம் இருக்கே?

#6 வெள்ளவாய்க்கால்

முதல் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். நில அளவை என் தொழில். இந்த நகரத்தில் மட்டம் பிடித்தே பல வருடம் போய்விட்டது.

ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 1,200, 1,300 மில்லிமீற்றர். உங்கள் மலைநாட்டோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் பக்கத்தால் போனால் இரண்டு மூன்று நாளில் ஒரு மாத மழை வரும். 2008 கார்த்திகையில் நிசா புயல், 2020 மார்கழியில் புரெவிப் புயல்: இரண்டும் எங்களுக்குக் காற்றால் செய்ததைவிடத் தண்ணீரால் செய்தது அதிகம். நிலமோ தட்டை. ஓடிப்போகச் சரிவில்லை. கடலேரியின் மட்டம் உயர்ந்து நிற்கும் நாளில் வாய்க்கால் வாயில் தண்ணீர் வெளியே போகாமல் அப்படியே நிற்கும். அந்தக் கோடு வந்த வழி அது.

முன்னோர் இதற்குக் குளம் வெட்டினார்கள். ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம் என்று பேர் தெரிந்தவை சில. பேரும் போய், மண்ணும் குப்பையும் கொட்டி நிரப்பி, மேலே கட்டடம் எழும்பியவை பல. மழைத்தண்ணீர் குளத்தில் தங்கி ஊறினால் கிணறு நிறையும். குளத்தை மூடினால் அதே தண்ணீர் வீட்டுக்குள் வரும், வைகாசியில் கிணறு வற்றும். ஒரே பிழைக்கு இரண்டு தண்டனை. மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு பழைய குளத்தின் நடுவில், யாரோ ஒருவரின் வரவேற்பறையில் நின்றிருக்கிறேன். சுற்றியுள்ள வீதியைவிட அந்தத் தரை தாழ்ந்திருந்தது. வீட்டுக்காரம்மா ஏன் தங்கள் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வருகிறது என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீடு பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஊர்ப்பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள். கன்னாதிட்டியில் திட்டி இருக்கிறது, மேட்டு நிலம். பொம்மைவெளியில் வெளி, தண்ணீர் பரவுகிற திறந்த தரை. ஈச்சமோட்டையில் மோட்டை, சின்னக் குளம். நாவாந்துறை, கொழும்புத்துறை எல்லாம் படகு வந்த கரை, அங்கே நல்ல தண்ணீரை எதிர்பார்க்கக் கூடாது. பெயர் வைத்தவர்கள் மட்டக்கோல் இல்லாமலே அளந்திருக்கிறார்கள்.

#7 அராலித்தெற்கு

இரண்டாவது கேள்வி எனக்கு. தொண்டைமானாறும் உப்பாறும் பேரில ஆறு, உண்மையில கடல் உள்ளுக்கு வந்து நிக்கிற ஏரிகள். தொண்டைமானாத்துக் கரையிலதான் செல்வச்சந்நிதி முருகன் இருக்கிறார். ஆறு எண்டு சொல்லக்கூடியது குடாநாட்டில ஒண்டே ஒண்டு, அது எங்கட வழுக்கையாறு.

அதுவும் மாரி ஆறுதான். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளம் சேர்ந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் எண்டு வயலுக்குள்ளாலயும் குளங்களுக்குள்ளாலயும் இறங்கி அராலியில கடலேரியில விழும். நீளம் பதினைஞ்சு கிலோமீற்றர் சொச்சம். கோடையில வந்து பாத்தால் உங்களுக்கு ஆறெண்டே தெரியாது. மாடு மேயும், பொடியள் கிரிக்கெட் விளையாடுவாங்கள், மதகு மட்டும் காரணமில்லாமல் நடுவெளியில நிக்கிற மாதிரி இருக்கும்.

கார்த்திகையில வாங்கோ. முதல் நல்ல மழைக்கு அடுத்தநாள் ஒண்டும் வராது, காஞ்ச தறை எல்லாத்தையும் குடிச்சிடும். மூண்டாம் நாள் விடிய மதகுக்குக் கீழ மண்ணிறத்தில ஒரு நாக்கு மாதிரி ஊர்ந்து வரும். முன்னுக்குச் சருகு, எறும்பு, பனங்கொட்டைத் தும்பு எல்லாம் தள்ளிக்கொண்டு வரும். அம்மம்மா எங்களைத் தூக்கத்தால எழுப்பி "ஆறு வந்திட்டுது" எண்டு கூட்டிக்கொண்டு போவா. ஒருக்காலும் தவறினதில்லை. மதகுக் கட்டில இருந்து கால் நீட்டினால், மத்தியானம் போலத் தண்ணி குதிக்காலைத் தொடும். அவ கையில ஒரு சிரட்டை கொண்டு வருவா, முதல் தண்ணியில கொஞ்சம் அள்ளி வேப்பமரத்தடியில ஊத்துவா. ஏன் எண்டு கேட்டதில்லை, இப்ப கேக்க ஆளில்லை.

மகாவலிக்குப் பக்கத்தில வளந்தவவுக்கு இது ஆறாய்த் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கு இருக்கிறது இதுதான். இதின்ர கரையிலயும் இப்ப மண் போட்டு மதில் கட்டுகினம்.

#8 இரணைமடுவான்

இந்த இழையில ஆரும் ஆறுமுகம் ஐயாவின்ர பேரை எடுக்கேல்லை எண்டது எனக்கு மனவருத்தம். ஆறில்லாத ஊருக்கு ஆறு குடுக்க நினைச்ச நீர்ப்பாசனப் பொறியியலாளர் அவர். 1954 இல வைச்ச திட்டம்: வன்னியிலயிருந்து கனகராயன் ஆறு கொண்டு வாற தண்ணி ஆனையிறவுக் கடலேரிக்குள்ள விழுந்து உப்போட கலந்து வீணாகுது. கடல் உள்ளிடுகிற வழியளை அணைச்சால் அந்த ஏரி நல்ல தண்ணி ஏரியாகும். அங்கயிருந்து முள்ளியானில நாலு கிலோமீற்றர் அளவில ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்கு விட்டு, அதிலயிருந்து உப்பாத்துக்கு விட்டால், குடாநாட்டுக்கு நடுவால நல்ல தண்ணி நிக்கும். தொண்டைமானாத்திலயும் அரியாலையிலயும் கட்டின தடுப்பணைகள் இதோட சேர்ந்த வேலை. எழுபது வருசம் போட்டுது, திட்டம் முழுசா முடியேல்லை.

அதைச் செய்யாமல் விட்டுப்போட்டு கிளிநொச்சியில இருக்கிற எங்கட இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் குழாயில குடாநாட்டுக்குக் கொண்டு போகக் கேட்டினம். எங்கட சனம் ஏன் மறுத்தது எண்டு யாழ்ப்பாணத்தில கனபேருக்கு விளங்கேல்லை. நான் அந்தக் குளத்துக்குக் கீழ சிறுபோகம் விதைக்கிறவன். குளம் நிறையாத வருசம் எங்கட வயலிலயே பாதிக்கு விதைப்பில்லை. தாகத்துக்குத் தண்ணி குடுக்க மாட்டம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. எங்கட குளத்தில தங்காமல் கடலுக்குப் போற தண்ணி இருக்கேக்க ஏன் குளத்திலயே கை வைக்கிறியள் எண்டுதான் கேட்டம்.

#9 செம்பாட்டுமண்

தம்பி இரணைமடுவான் சொன்னதில நியாயம் இருக்கு. நான் எழுதியிருக்கோணும், விட்டது என்ர பிழை.

ஆனால் ஒண்டு சேர்க்கிறன். ஆறுமுகம் ஐயாவின்ர ஏரியள் நிறைஞ்சாலும், அதின்ர பெரிய நன்மை குழாயில வாறதில்லை. ஏரியில உப்புக்குப் பதிலாய் நல்ல தண்ணி நிண்டால், பக்கத்துக் கிணறுகளில உப்பு பின்வாங்கும். வயல் உவர் கழுவுப்படும். குழாய் எண்டு பாத்தால் இப்ப தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் 2024 ஆகஸ்டில திறந்து கிடக்கு, நாளுக்கு 24,000 கனமீற்றர் எண்ட அளவில கட்டினது. தேவைதான், வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் குழாய் வந்த வீட்டில கிணத்தை மூடுறதைப் பாக்கிறன், அதுக்குள்ள குப்பை கொட்டுறதையும் பாக்கிறன். அடுத்தவன் கிணத்துக்கும் அதே தண்ணிதான். வேலி மேலதான் இருக்கு, கீழ வேலியில்லை.

#10 நல்லூர்வீதி

ஆறு கொண்டு வாற ஆசை ஆறுமுகம் ஐயாவோட துவங்கினதில்லை. நல்லூரில சங்கிலித்தோப்புப் பக்கம் 'ப' வடிவில ஒரு கேணி இருக்கு, யமுனா ஏரி. அந்தக் காலம் யாழ்ப்பாணத்தை ஆண்ட சிங்கையாரிய அரசன் யமுனை ஆத்துத் தண்ணியைக் காவடியில கொண்டுவந்து கலந்தவன் எண்டது ஐதீகம். வீடு பாக்க வந்தால் அதையும் பாத்திட்டுப் போங்கோ அக்கா.

#11 கொக்குவில் பொடியன்

துளைக்கிணறு பற்றி நான் எழுதினதைத் திருத்திறன். ஐயா சொன்னாப் பிறகு என்ர மச்சானிட்டைக் கேட்டன். அவை அடிச்ச கிணறு முதல் வருசம் தேன் மாதிரி, இப்ப பூக்கண்டுக்கே ஊத்தேலாதாம். மன்னிக்கோணும் அக்கா.

#12 பிரசவவிடுதித்தாதி

ஒருத்தரும் சொல்லாத ஒரு விசயம், கைக்குழந்தை எண்டபடியால் கட்டாயம் சொல்லோணும்.

இனிக்கிற தண்ணி எல்லாம் பிள்ளைக்கு நல்ல தண்ணி இல்லை. எங்கட செம்மண் பக்கம் கல்லுக்கு மேல மண் படை மெல்லிசு. தோட்டத்துக்குப் போடுற யூரியாவும், கக்கூஸ் குழியில இருந்து ஊறுறதும் கெதியாக் கிணத்துக்குப் போய்ச் சேரும். அதில நைத்திரேற்று எண்டு ஒண்டு. மணம் இல்லை, ருசி இல்லை, நிறமும் இல்லை. பெரியாக்களுக்கு உடன ஒண்டும் தெரியாது. ஆனால் பால்மா குடிக்கிற சின்னப் பிள்ளையளுக்கு இரத்தம் ஒட்சிசன் காவுறதைக் குறைக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைச்சால் போகும் எண்டு நினைக்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் ஆவியாகும், அது செறிஞ்சு கொண்டு வரும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருந்தால் பால் கரைக்கப் பாவிக்க வேண்டாம்.

வீட்டுக்கு முற்பணம் குடுக்க முன்னம் கிணத்துத் தண்ணியை ஆய்வுகூடத்தில குடுத்துப் பாருங்கோ. கக்கூஸ் குழி எங்க இருக்கெண்டு கேளுங்கோ, உங்கடது மட்டுமில்லை, பக்கத்து வளவுக்காரற்றையும். வெக்கப்படாதேங்கோ. தாய்ப்பால் குடுக்கிறியள் எண்டால் குடுத்துக்கொண்டே இருங்கோ.

#13 மகாவலிக்கரை

தாதி அக்கா, உங்க பதிலை ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சேன். அப்புறம் தூக்கம் வரல.

நேத்து திரும்ப யாழ்ப்பாணம் வந்தோம். கொக்குவில் வீட்டு ஐயாகிட்ட எல்லாத்தையும் கேட்டேன், ஒரு வார்த்தை கோவிக்காம கூட்டிட்டுப் போய்க் காட்டினார். அவங்க குழி கிணத்துல இருந்து நல்ல தூரம். ஆனா பக்கத்து வளவுக்காரங்க குழி மதிலுக்கு அந்தப் பக்கம் ஒட்டியே இருக்கு. தண்ணியைக் கொடுத்துப் பார்த்ததுல 50ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கு. வீட்டை எடுக்கிறதுன்னுதான் முடிவு, தெற்கு யன்னல் ரெண்டு இருக்கு, மழைத் தண்ணி நிக்கிற இடமும் இல்லைன்னு பக்கத்து வீட்டுல மூணு பேர் சொன்னாங்க. பிள்ளைக்குப் பால் கரைக்க மட்டும் குழாய்த் தண்ணி, அதையும் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கப் போறோம்.

வீட்டுக்கார ஐயாவோட அம்மா இருக்காங்க, எண்பது வயசுக்கு மேல. கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போய் வாளியை எப்பிடி விடணும்னு காட்டினாங்க. தண்ணியில வாளி சரிஞ்சு விழ ஒரு சுண்டு சுண்டணும், இல்லன்னா மிதந்துகிட்டே இருக்கும். எனக்கு நாலு தடவைக்கு அப்புறம்தான் வந்துச்சு. உள்ளே எட்டிப் பார்த்தேன், கல்லுல பழைய தண்ணி மட்டமெல்லாம் வரி வரியாத் தெரிஞ்சுது. "மாரிக்கு இதில வந்து நிக்கும் பிள்ளை"ன்னு மேல் வரியைக் காட்டினாங்க.

இப்ப என் பயம் வேற. கட்டு உயரம் குறைவு. இன்னும் நாலஞ்சு மாசத்துல பிள்ளை நடக்கும்.

#14 பாசையூர்க்காற்று

கிணத்துக்கு மேல வலை போடோணும், அதுக்கு யோசிக்காதேங்கோ. கடையில விக்கிறது மெல்லிசு, வெயிலுக்கு ஒரு வருசத்தில இத்துப் போகும். எங்கட வீட்டில தொழிலுக்கு உதவாத பழைய நைலோன் வலை கிடக்கு. கிணத்தின்ர குறுக்களவை மட்டும் எழுதுங்கோ. இவர் இரண்டு மடிப்பாப் பொத்தி, சுத்திவரக் கயிறு கோத்து, வாளி போற இடத்துக்கு ஒரு மூடி விட்டுத் தருவார். நீங்கள் குடிவாற அண்டைக்குக் கொண்டு வந்து கட்டி விடுறம்.

#15 மகாவலிக்கரை

அளந்துட்டேன் அக்கா. ஒன்பது அடி.